கொராலி நோட்டீஸ்

டிம்ப்னா ஹெஸ்லின் அந்த இரண்டு காகிதங்களையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுத்தடுத்து வைத்தபோது, அவை அழகாக இருக்கின்றன என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் இல்லை. இடது பக்கம் ஒரு குத்தகைப் பத்திரம். ஆட்டுத்தோலை மெலிதாகச் சீவிச் செய்த தாள், மூலையில் உறைந்த ரத்தம் போல ஓர் அரக்கு முத்திரை. வலது பக்கம் ஒரு துண்டறிக்கை. மலிவான தாள், தேய்ந்த அச்சு, நான்கு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை. இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே நிலம், ஒரே பெயர்.

டிரம்லாரா ஊர் நூலகத்தின் நிலவறை முழுக்க அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஊரில் இருந்த ஒரே அச்சகம் மூடப்பட்டபோது, அவர்கள் அச்சடித்த நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் எடுத்து வைத்திருந்த பிரதிகள் பெட்டி பெட்டியாக அவளிடம் வந்தன. நிலப்போராட்டக் காலம், விடுதலைப் போர், உள்நாட்டுப் போர், தேர்தல்கள், எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே, பழைய ஜமீனின் வக்கீல் அலுவலகத்திலிருந்து குத்தகைப் பத்திரங்கள் ஒரு லாரியில் வந்து இறங்கின. இரண்டு குவியலையும் சேர்த்துப் படித்த முதல் ஆள் அவள்தான். கணவனோ பிள்ளையோ இல்லாத நாற்பது வயதுக்காரி, மாலை முழுக்க அங்கேயே இருப்பாள்.

துண்டறிக்கை இப்படிச் சொன்னது:

"கொராலி மக்களே! மைல்ஸ் ரோடியும் அவன் பிள்ளைகளும் தெருவில் எறியப்பட்ட நிலத்தைப் பெர்னார்டு ஷான்லி எடுத்துக்கொண்டான். அவனுக்கு எதையும் விற்காதீர்கள். அவனிடம் எதையும் வாங்காதீர்கள். அவன் குதிரைக்கு லாடம் அடிக்காதீர்கள். தேவாலயத்தில் அவன் அருகே உட்காராதீர்கள். வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவன்மீது கை ஓங்க வேண்டாம். அவன் செத்துப்போனதாக நினைத்துக்கொள்ளுங்கள், போதும்."

இவற்றை வைத்து நூலகத்தில் நடத்தவிருந்த கண்காட்சிக்கு முன் அவள் தலைமை நூலகர் லவெல்லிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

"ஷான்லி குடும்பம் இன்னும் அதே நிலத்துலதான் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

"சொன்னா வேண்டாம்பாங்க. நூறு வருஷம் ஆச்சும்மா. எங்க பாட்டன் ஒரு பன்னியைத் திருடிட்டு ஜெயிலுக்குப் போனான். நான் என்ன வெக்கப்பட்டுக்கிட்டா திரியறேன்?"

அவளும் சிரித்துவிட்டாள். அவள் தாய் ரோடி வீட்டுப் பெண். மைல்ஸ் ரோடிக்கு டிம்ப்னா கொள்ளுப்பேத்தி. இது ரகசியமில்லை, எங்கள் பக்கத்தில் யாருடைய தாய் எந்த வீடு என்பது பால் லாரிக்காரனுக்குக்கூடத் தெரியும். அவளுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று பிற்பாடு நினைத்தாள்.

ஏனென்றால் அந்த வசந்தத்தில் வேறொரு நில விவகாரமும் நடந்திருந்தது. விதவை ப்ரீஜின் மேய்ச்சல் நிலத்தைப் பல காலமாக டிம்ப்னாவின் தம்பி மலாக்கிதான் பதினொரு மாதக் குத்தகைக்கு எடுத்து வந்தான். ஆண்டுதோறும் ஒரு கைகுலுக்கல், ஒரு கோப்பைத் தேநீர், அவ்வளவுதான். இந்த முறை ஃபெலிம் ஷான்லி, பெர்னார்டின் பேரன், கூடுதலாகத் தருவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். சட்டப்படி அதில் தப்பு ஒன்றும் இல்லை. மலாக்கி பாதி மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினான். மதுக்கடையில் சிலர் முணுமுணுத்தார்கள். அதோடு அடங்கியிருக்கும்.

கண்காட்சி திறந்த அன்று ஊரே வந்தது. தேநீர், பழக்கேக், ஈரக்கோட்டு வாசனை. ஃபெலிமும் மனைவி யூனாவும் வந்தார்கள். அறுபதைத் தாண்டிய, உயர்ந்த, கொஞ்சம் கூனல் விழுந்த மனிதர் அவர். தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தக் கண்ணாடிப் பெட்டி முன் நின்று மெதுவாகப் படித்தார். அவர் நிற்பதைப் பார்த்து அறையின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

"தாத்தா கையெழுத்து என்னைவிட நல்லா இருக்கே" என்றார் ஃபெலிம், குத்தகைப் பத்திரத்தைக் காட்டி.

நாலைந்து பேர் சிரித்தார்கள். யூனா சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் மலாக்கி நின்றிருந்தான். அவன் பார்வை பத்திரத்தின் மேல் இல்லை, துண்டறிக்கையின் மேல் இருந்தது. ஜெபப் புத்தகம் படிப்பவனைப்போல அவன் உதடுகள் அசைந்தன.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, பால்பண்ணைச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. அஞ்சலகத்துக்கு எதிரே ஒன்று. கொராலிக்குப் பிரியும் சாலையில் கம்பத்துக்குக் கம்பம். அதே அச்சு, அதே ஆணி ஓட்டைகளின் நிழல்கூட அப்படியே. இரண்டு இடம் மட்டும் மாறியிருந்தது. பெர்னார்டு என்ற பெயர் இருந்த இடமும் கீழே ஆண்டு இருந்த இடமும் வெறும் வெள்ளை. மிச்சமிருந்தது ஷான்லி.

டிம்ப்னா காரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொன்றாகக் கிழித்தாள். மழையில் பசை வழுக்கியது. எதிரே வந்த ஒருவன் வண்டியை மெதுவாக்கி, அவள் செய்வதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். கிழித்த தாள்களைக் காரின் பின்னிருக்கையில் போட்டபோதுதான் கவனித்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மயிரிழை போல ஒரு சாய்ந்த கோடு. நூலக நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் இருக்கும் கீறல் அது. ஊரில் வேறு நகல் இயந்திரமும் கிடையாது.

யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். மலாக்கி கொட்டகையில் ஒரு கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீதானே?"

"ஆமா."

மறுப்பான் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள்.

"எப்ப எடுத்தே?"

"சனிக்கிழமை. நீ மேல தேநீர் போடப் போனியே, அப்ப. பெட்டி சாவி உன் மேசை மேலதான் கிடந்துது. எடுத்துட்டு அப்படியே திருப்பி வச்சிட்டேன். ஒரு மடிப்புகூட விழல, வேணா போய்ப் பாரு."

"அந்த ஆளோட பேரை ஊரெல்லாம் ஒட்டியிருக்கே!"

"முதல்ல ஊருக்குக் காட்டினது நான் இல்ல டிம்ப்னா. உங்க நூலகம் கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு, கேக்கும் குடுத்து ஊருக்கே காட்டுச்சு. நான் ஒரு வார்த்தை சேக்கலையே. ரெண்டு வார்த்தையை எடுத்தேன், அவ்வளவுதான்."

"அது அந்தக் காலம்டா. இப்ப யாரும் யாரையும் தெருவுல எறியல."

மலாக்கி கன்றின் வாயிலிருந்து புட்டியை இழுத்தான். கன்று அவன் விரலைச் சப்பியது. "எந்தக் காலம்? எம் மாடு இருந்த புல்லுல இப்ப அவன் மாடு நிக்குது. அது எந்தக் காலம்னு நீ சொல்லு. படிச்சவ."

"நாளைக்கே மிச்சத்தைக் கிழிச்சுப் போடு."

"கிழிச்சிடலாம். படிச்சவங்க மண்டையிலிருந்து எப்படிக் கிழிப்பே?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சின்ன வயதில் ஏணியில் ஏறப் பயந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் இவன்.

கிழித்த தாள்களை அவள் அடுப்பில் போட்டாள். ஒன்றை மட்டும் போட முடியவில்லை. அதற்கு ஓர் உறை எடுத்து, ஆண்டு எழுதி, நிலவறைப் பெட்டியில் வைத்தாள். தொழில் பழக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு நாளைக் காட்டி, இன்றுதான் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் யாரிடமும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பால் லாரி ஓட்டும் ஜார்லத், ஃபெலிமின் வீட்டு முற்றம்வரை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவன், சந்து சேறாக இருக்கிறது, பாலைச் சாலை முனைக்கே கொண்டுவந்து வைத்துவிடுங்கள் என்றான். சந்து எப்போதும் சேறாகத்தான் இருந்தது. ஞாயிறு பூசையில் ஷான்லிகள் உட்காரும் பெஞ்சில் மற்ற இடங்கள் காலியாக இருந்தன. அடுத்த வாரம் அதற்கு முன் பெஞ்சும் காலி. இறைச்சிக் கடையில் யூனாவுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்தபின், கடைக்காரர் அவளை அப்போதுதான் பார்த்ததுபோல, "மன்னிக்கணும்மா, கவனிக்கல" என்றார். ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது மாட்டு டாக்டர் வெளியே போயிருப்பதாக அவர் மனைவி தொலைபேசியில் சொன்னாள். பின்னால் அவர் இருமும் சத்தம் யூனாவுக்குக் கேட்டது.

எவரும் கல் எறியவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூட யாரும் பேசவில்லை. வழியில் ஃபெலிம் கையுயர்த்தினால், எதிரில் வருபவர்களுக்குச் சரியாக அந்த நேரத்தில் வேலி ஓரத்தில் ஏதாவது பார்க்க இருந்தது.

டிம்ப்னா உறையில் வைத்திருந்த அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். சார்ஜென்ட் டர்க்கன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"இதுல குத்தம் எங்கம்மா இருக்கு? கை ஓங்க வேண்டாம்னு வேற போட்டிருக்கான். ரொம்ப மரியாதையான ஆளு."

"அந்த வீட்டுக்கு யாரும் போறதில்ல, சார்ஜென்ட். யாரும் பேசறதில்ல."

"பேசலேன்னு யாரையாவது பிடிச்சு உள்ள போட முடியுமா? அப்படிப் போட்டா என் வீட்டுக்காரிதான் முதல்ல போவா." சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "யார் ஒட்டினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் டிம்ப்னா.

அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியும். தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "அப்ப எனக்கும் தெரியாது."

அக்டோபர் நடுவில் ஒரு பிற்பகல், ஃபெலிம் நூலகத்துக்கு வந்தார். படிக்கும் அறையில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். டிம்ப்னா கண்காட்சியை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள்.

"அசலை ஒரு தடவை பாக்கணும்மா" என்றார்.

அவள் நிலவறையிலிருந்து துண்டறிக்கையைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. இரண்டு பெரிய கைகளையும் அதன் இரு பக்கத்திலும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"எங்க தாத்தாவுக்கு அந்தக் குளிர்காலத்துல ஒரு பொண்ணு செத்துப்போச்சு. எங்க அப்பாவுக்கு அக்கா. ஆறு வயசு. தச்சன் சவப்பெட்டி செய்ய மாட்டேன்னுட்டான். தாத்தா வண்டிப் பலகையைப் பிரிச்சு அவரே செஞ்சார். குழி வெட்டவும் யாரும் வரல. இதெல்லாம் வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. எங்க அத்தை ஒருத்திதான், சாகறதுக்கு முன்னாடி சொன்னா."

"எனக்குத் தெரியாது, மிஸ்டர் ஷான்லி."

"உனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு யாரும் நோட்டீஸ் அடிக்கலையே." அவர் குரலில் கசப்பு இல்லை. "தாத்தா செஞ்சது சரின்னு நான் சொல்ல வரல. அடுத்தவன் அடுப்பு அணைஞ்ச வீட்டுல போய்க் குடியேறினார். அது தப்புதான். நான் ப்ரீஜ் நிலத்தை எடுத்ததும்கூட… உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. ஆசை வந்துடுச்சு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். டிம்ப்னாவின் கை தானாகவே துண்டறிக்கையின் பக்கம் நகர்ந்தது.

"பயப்படாதே. கொளுத்தணும்னுதான் வந்தேன். பஸ்ஸுல வரும்போதே நினைச்சுப் பாத்தேன். கொளுத்தி என்ன? இப்ப எல்லாருக்கும் மனப்பாடம்." தீப்பெட்டியை மறுபடி பையில் போட்டார். "யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். அதை உன் வாயால ஒரு தடவை கேட்டா போதும். நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன். இந்த ஊர்ல ஒரு ஆளாவது என்னைப் பாத்து ஒரு உண்மையைச் சொன்னாங்கன்னு இருக்கட்டும்."

டிம்ப்னா வாயைத் திறந்தாள். தம்பி முகம் வந்தது. சின்ன வயதில் ஏணியடியில் நின்ற முகம்.

"எனக்கு… உறுதியாத் தெரியல" என்றாள்.

அவர் தலையசைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவருகில் திரும்பி, "காகிதத்தைப் பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கேலியாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து, சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள். மாலைக்குள் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளையில், இனித் தள்ளிப்போடக்கூடாது என்று காரை எடுத்துக்கொண்டு கொராலிக்குப் போனாள்.

ஷான்லி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் கரிமண் கட்டிகள் சாம்பலாகி அணைந்துகொண்டிருந்தன. யூனா விடியுமுன்பே முதல் பேருந்தில் பக்கத்து ஊருக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறாள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளூர் மருந்துக் கடையில் நிற்க யூனாவுக்கு இப்போது மனம் வருவதில்லை. பால் கறக்காத மாடுகள் முற்றத்தில் கத்திக்கொண்டிருந்தன. டிம்ப்னா கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வீட்டைச் சுற்றி வந்து, சாலையை ஒட்டிய சரிவைப் பார்த்தாள்.

பழைய சிவப்பு டிராக்டர் சரிவில் தலைகீழாகக் கிடந்தது.

அவள் ஓடினாள். ஈரப்புல்லில் இருமுறை விழுந்து எழுந்தாள். ஃபெலிம் மல்லாந்து கிடந்தார். இடது கால் தொடைக்குக் கீழே டிராக்டருக்கு அடியில் இருந்தது. முகம் மெழுகு நிறம். கண் திறந்திருந்தது. செத்துவிட்டார் என்று நினைத்தாள். அப்போது அந்தக் கண் அசைந்து அவளைப் பார்த்தது.

"இது யாரு கார்?" என்றார். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியலையே."

"டிம்ப்னா, ஃபெலிம். டிம்ப்னா ஹெஸ்லின். இதோ, போன் பண்ணிட்டு வந்துடறேன்."

வீட்டுக்கு ஓடித் தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கட்டிலில் இருந்த போர்வைகளையெல்லாம் இழுத்துக்கொண்டு திரும்பி வந்து அவரைப் போர்த்தினாள். பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கல் போலக் குளிர்ந்திருந்தது. தூங்கவிடக்கூடாது என்று எங்கோ படித்திருந்தாள்.

"பேசுங்க ஃபெலிம். ஏதாவது பேசுங்க. எப்ப விழுந்துது?"

"பால் கறக்கறதுக்கு முன்னாடியே. விடிஞ்ச கொஞ்ச நேரத்துல." நாக்கு தடித்திருந்தது. "ஜார்லத் வந்தான். பால் கேன் அங்க இல்லேன்னு லாரியை நிறுத்தினான். கத்தினேன். நல்லாவே கத்தினேன், அப்ப தெம்பு இருந்துது. கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் போயிட்டான்."

"அவனுக்குக் கேட்டிருக்காது."

"அப்புறம் தபால் வேன். அதுக்கு ஒரு பெல்ட் கீச்சு கீச்சுன்னு கத்தும். நிக்கல. அப்புறம் மாட்டு டாக்டர். அப்புறம் பள்ளிக்கூட பஸ். பிள்ளைங்க பாடிக்கிட்டே போச்சுங்க." கண்ணை மூடித் திறந்தார். "எல்லா வண்டியும் எனக்குத் தெரியும் டிம்ப்னா. அறுபது வருஷமா இந்த ரோட்டு மேலதானே இருக்கேன்."

அவள் கேட்காமலே அவர் சொன்னார்.

"உன் தம்பியோட டீசல் வேன். அது கேட் கிட்டயே வந்து நின்னுது. இஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துது. சரி, இறங்கி வரான்னு நினைச்சேன். கத்தக்கூட இல்ல. அப்புறம் கியர் போட்டான்."

ஆம்புலன்ஸ் வரும் திசையைப் பார்க்க அவள் கேட் வரை போனாள். சாலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். வேலிச்செடிகள் நவம்பரில் இலை உதிர்த்திருந்தன. அவற்றின் இடைவெளியில் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களும் வானத்தைப் பார்த்து நின்றன. தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் போதும்.

ஃபெலிம் பிழைத்தார். காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு ஊர் திரண்டு வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே முற்றத்தில் வண்டிகள் நிரம்பிவிட்டன. ஒருவன் டிராக்டரை நிமிர்த்தினான். ஒருவன் கூரையின் ஓட்டையை அடைத்தான். பெண்கள் சுட்ட ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்தார்கள். யூனா வாசலில் நின்று ஒவ்வொரு பாத்திரத்தையும் வாங்கி நன்றி சொன்னாள், உள்ளே கொண்டுபோய் எல்லாவற்றையும் நாய்க்குக் கொட்டினாள். மலாக்கி காலையும் மாலையும் வந்து ஷான்லி மாடுகளைக் கறந்தான். ஒரு நாளும் தவறவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

டிம்ப்னா அவனை மாட்டுக்கொட்டகையில் பிடித்தாள்.

"நீ பாத்தியா?"

அவன் பசுவின் மடியிலிருந்து கையை எடுக்காமல் கறந்துகொண்டே இருந்தான்.

"மலாக்கி."

"சக்கரம் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"யாராவது வருவாங்கன்னு நினைச்சேன்."

"யாருடா? யாரு வருவாங்க?"

"வேன் கதவைத் திறக்கக் கையை நீட்டினேன்" என்றான் கடைசியில். "நிசமா. கையை நீட்டினேன். நான் இறங்கிப் போறதை யாராவது பாத்துட்டா என்ன நினைப்பாங்கன்னு வந்துது. ஆரம்பிச்சதே நான்தானே. அதுக்குள்ள பின்னாடி ஒரு வண்டி வந்துடுச்சு." முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லிடாதே டிம்ப்னா."

"அவருக்குத் தெரியும். உன் இஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்டுது."

அவன் முகம் வெளுப்பதை அவள் பார்த்தாள். தம்பி என்று அவனுக்காக இரக்கப்பட அவளுக்குள் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஃபெலிமை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று சமையலறை நிறையப் பேர். அடுப்பருகில் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். நன்றாக இருக்கிறீர்கள், நிறம் வந்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். தபால்காரரின் கையைக் குலுக்கும்போது, "அந்த பெல்ட்டை மாத்திடுப்பா. ரொம்ப தூரம் கேக்குது" என்றார். மாட்டு டாக்டரிடம், "உங்க வண்டி சைலன்சர்ல ஓட்டை இருக்கு டாக்டர்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஜார்லத் தன் முறை வருவதற்கு முன்பே கோப்பையை வைத்துவிட்டு வெளியேறினான். கொஞ்ச நேரத்தில் அறை காலியாகிவிட்டது. அதற்குப்பின் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. இந்த முறை யாரும் கட்டளையிடத் தேவையிருக்கவில்லை, முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாததால் வரவில்லை.

டிம்ப்னா மட்டும் போய்வந்தாள். தனக்குத் தெரிந்ததை முழுக்க அவரிடம் சொன்னாள். சாவி மேசைமேல் கிடந்தது, சார்ஜென்டிடம் பொய் சொன்னது, அவரிடமே பொய் சொன்னது எல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை.

பிப்ரவரியில் மாடுகளை விற்றார்கள். ப்ரீஜின் குத்தகையை ஃபெலிம் விட்டுவிட்டார். அந்த ஆண்டு அந்த நிலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை, மலாக்கியும் போகவில்லை. வேனிலுக்குள் கோரை முளைத்துவிட்டது. ஷான்லிகள் ஸ்லைகோவில் இருக்கும் யூனாவின் தங்கை வீட்டுக்குக் குடிபோக முடிவுசெய்தார்கள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. டிம்ப்னாவின் காரில்தான் போனார்கள். யூனா பின்னிருக்கையில், மடியில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு. ஃபெலிம் முன்னால், ஊன்றுகோல்களைக் கதவோரம் சாய்த்து.

ஸ்லைகோ சாலைக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். "இடது பக்கம் போம்மா" என்றார் ஃபெலிம்.

அது மலாக்கியின் வீட்டுக்குப் போகும் வழி. டிம்ப்னா பின்பார்வைக் கண்ணாடியில் யூனாவைப் பார்த்தாள். யூனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிம்ப்னா திரும்பினாள்.

"கேட் கிட்ட நிறுத்து. இஞ்சினை அணைக்காதே."

நிறுத்தினாள். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். மெல்லிய மழை உள்ளே அடித்தது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். கார் சத்தம் கேட்டு மலாக்கி கதவைத் திறந்துகொண்டு வந்தான். யார் என்று பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான். கையில் பாதி கடித்த ரொட்டித் துண்டு. வா என்று அழைக்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

ஃபெலிம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை, கையசைக்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிம்ப்னா தம்பியின் உதடுகள் அசைவதைப் பார்த்தாள். என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை.

"போலாம்" என்றார் ஃபெலிம்.

அவள் கியரை மாற்றினாள். வளைவு வரும்வரை கண்ணாடியில் அவன் தெரிந்துகொண்டிருந்தான். ஓரடி முன்னால் வைத்திருந்தான், ஒரு கை நீட்டியபடி இருந்தது.

ஃபெலிம் கண்ணாடியை ஏற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஸ்லைகோவிலயும் மழைதான் பெய்யுதாம்" என்றார் மனைவியிடம்.

"கடிகாரம் நனையாம பாத்துக்கறேன்" என்றாள் யூனா.